வந்துச்சா, வந்துச்சா

ஜெசிந்தாவின் மகன் ஆல்வினுக்கு ஐந்து வயது வரை பேச்சே வரவில்லை. நெம்மேலி பஸ் நிறுத்தத்தில்தான் முதல் வார்த்தை வந்தது. வண்டிகளின் இரைச்சல் தாங்காமல் அங்கே நின்று அலறுவான். அவனைச் சமாளிக்க அவள் அவனுடைய இடது காது மடலை மெல்லத் தேய்த்தபடி, "வந்துச்சா, வந்துச்சா" என்பாள். ஒருநாள் அவனே தன் காதைத் தேய்த்துக்கொண்டு அதைச் சொன்னான். வளர்ந்து ஆளான பிறகும் பயம் வந்தால் அதேதான். "வந்துடும்டா" என்று அம்மா சொன்னால்தான் அடங்குவான்.

ஆட்டிசம் என்றார் டாக்டர். புருஷனும் போய்ச் சேர்ந்தபின், ரிசார்ட்டில் அறைகளைக் கூட்டித் துடைத்தே அவனைப் படிக்க வைத்தாள். கடைசியில் செங்கல்பட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் அவனுக்குத் தற்காலிக வேலை கிடைத்தது. தபால்களில் முத்திரை குத்திப் பிரிவுவாரியாக அடுக்க வேண்டும். கண்காணிப்பாளர் விஜயகுமாரி அவனிடம் பிரியமாகவே இருந்தார்.

"ஆட்டிசம் உள்ளவங்களுக்குன்னே ஒரு பர்மனென்ட் போஸ்ட் வரப்போவுது ஜெசிந்தா. உம் புள்ளய வுட்டா அதுக்கு இங்க யாரு கீறாங்க?"

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது ஜெசிந்தாவுக்கு. தன் காலத்துக்குப் பிறகு இவனுக்கு யார் சோறு போடுவார்கள் என்ற கவலைக்கு அன்றுதான் ஒரு முடிவு தெரிந்தது.

கொஞ்ச நாளில் விஜயகுமாரியின் தம்பி மகன் ரஞ்சித்குமார் வேலை பழக வந்து ஆல்வினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். டிகிரி முடித்தவன், வாயாடி. ஆல்வின் போனிலிருந்தே ஜெசிந்தாவைக் கூப்பிடுவான். "ஆன்ட்டி, உங்க நெத்திலி வறுவல் செம!" என்பான். அப்படியே பேச்சுவாக்கில், "ஆல்வின் எதுக்கு காதத் தேய்க்கிறான்? எப்பெப்பத் தேய்ப்பான்?" என்று விசாரிப்பான். பிள்ளைக்கு ஒரு கூட்டாளி கிடைத்துவிட்டான் என்று பூரித்துப்போய் இவளும் ஒன்று விடாமல் ஒப்பித்தாள். அவனுக்கென்று தனியாக ஒரு டப்பா நெத்திலி வேறு. ஏமாறுவதற்கென்றே பிறந்தவள்!

நேர்காணல் அன்று வராந்தாவில் மகனோடு உட்கார்ந்திருந்தாள். பாதி திறந்த கதவுக்கு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வந்துச்சா, வந்துச்சா."

பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். ஆல்வின் வாயே திறக்கவில்லை. எழுந்துபோய் எட்டிப் பார்த்தாள். அதிகாரிகளுக்கு முன்னால் ரஞ்சித்குமார் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து காதைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அதுவும் இடது காது.

ஆட்டிசம் சான்றிதழையும் அவன் எங்கேயோ வாங்கியிருந்தான். சாயங்காலம் அவன் பெயரைத்தான் வாசித்தார்கள். நிரந்தர ஆள் வந்துவிட்டதால் ஆல்வின் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

ஜெசிந்தா நேரே விஜயகுமாரியின் மேசைக்குப் போனாள்.

"அது எங்க வூட்டு வார்த்த மேடம். எம் புள்ளைக்கு நான் குடுத்தது. எங் கையில சோறு துன்னுகினே அதக் கேட்டு வாங்கிக்கினு, அவன் தலையிலயே மண்ணப் போட்டீங்களே!"

"இன்னாம்மா பேசற? சர்டிபிகேட் கீது, ஆபீசருங்க பாத்தாங்க, எடுத்தாங்க. போயிட்டு வா, அடுத்த தடவ பாக்கலாம்."

மற்றவர் கண்ணைப் பார்த்துப் பேசமாட்டான் என்று ஆல்வினைச் சொல்வார்கள். அன்றைக்கு விஜயகுமாரியும் பார்க்கவில்லை.

பஸ் நிலையத்தில் ஆல்வினுக்கு ஒரே யோசனை.

"ரஞ்சித் அண்ணாத்தக்கும் பயமாம்மா? என்ன மாரியே சொன்னாரே."

ஜெசிந்தாவோ, நாளைக் காலையில் இவன் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பி நிற்கும்போது என்ன சொல்வது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"பாவம்மா அவரு. அவருக்கு யாரு 'வந்துடும்டா' சொல்லுவாங்க?"

அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அவனுக்கு வந்துடுச்சுடா. நமக்குத்தான் வரல."