ஈர மணலில் முப்பத்தொரு நாள்

கடல்காற்று பட்டால் உடம்பும் மனசும் குணமாகிவிடும் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வந்து என் காலைப் பாருங்கள் என்பேன்.

நாலு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து என் இடது கால் சூம்பிவிட்டது. எழுபதுகளின் தொடக்கம் அது. இரண்டு வருஷம் கழித்து, சங்கு குளிக்கப் போன அப்பா தூத்துக்குடிக் கரைக்குப் பிணமாக வந்தார். அன்றிலிருந்து அம்மா தூங்கவில்லை. கண்ணைத் திறந்தபடி சுவரில் சாய்ந்து கிடப்பாள். அந்தப் பாழாய்ப்போன கடல் முகத்தில் இனி முழிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தாள்.

சத்தியத்தை உடைத்தது என் கால்தான். “ஏளா, பிள்ளைய நாப்பது நாளு ஈர மணல்ல பொதச்சு எடு. கால் வந்துரும்” என்றாள் பக்கத்து வீட்டு மாமி. தினமும் காலையில் அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போவாள். அலை ஓரத்தில் குழி தோண்டி, கால் நீட்டி உட்காரவைத்து, இடுப்புவரை மணலைப் போட்டு இறுக்குவாள். ஒரு செபமாலை முடியும்வரை நான் அசையக் கூடாது. அவள் மேட்டில் கிடந்த வள்ளத்தில் சாய்ந்து, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒவ்வொரு செபத்திலும் முன்பாதியைச் சொல்வாள். பின்பாதி எனக்கு.

முப்பத்தோராம் நாள், செபமாலையின் மூன்றாம் பத்து மணியில் அம்மாவின் குரல் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். அப்பா போன பிறகு அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. சத்தம் நின்றால் முழித்துவிடுவாளே என்று இரண்டு பாதியையும் நானே சொன்னேன். ஐந்து பத்தும் முடிந்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. வயிற்றைத் தொட்டது, நெஞ்சைத் தொட்டது. ஐயோ, என்ன பயம்! ஆனாலும் கூப்பிட மனசு வரவில்லை. கடைசியில் ஒரு அலை வாய்க்குள் புகுந்து செபம் குழறியது. அதில்தான் முழித்தாள்.

வெறுங்கையால் தோண்டினாள். நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. வெளியே இழுத்துப் போட்டுக் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை.

“வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? கூப்புட்டா என்னளா?”

“நீ தூங்குனியே, அம்மா.”

அம்மா கடலைப் பார்த்துத் திரும்பி மணலை வாரி இறைத்தாள். “அவரத் தின்னது பத்தலயா ஒனக்கு? நாசமாப் போவ!” தொண்டை கட்டும்வரை திட்டினாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு கதறினாள். அப்பாவை அடக்கம் செய்த அன்றுகூட அவள் அழுததில்லை. வீட்டுக்கு வந்து மறுநாள் மதியம்வரை தூங்கினாள். அதற்கப்புறம் எல்லோரையும் போலத் தூங்கினாள்.

என்னை மட்டும் பிறகு மணலுக்குக் கொண்டுபோகவே இல்லை. “கால் வேண்டாம், நீ இருந்தாப் போதும்” என்று முடித்துவிட்டாள். மணலில் புதைத்தால் கால் வராது என்று எனக்கும் தெரியும், டாக்டரும் சொல்லியிருக்கிறார். இருந்தும் படியேறும்போதெல்லாம் அந்த மீதி ஒன்பது நாளை நினைத்து அம்மா மேல் ஆத்திரமாக வருகிறது. அவளை எழுப்பாமல் இருந்தவள் நான்தானே.