மணியடித்ததும் காணாமற்போன வகுப்பு

ஓய்வுபெற்ற என்னை, ஆசிரியர் பற்றாக்குறையால் போர் நடக்கும் வன்னியில் விசுவமடுப் பாடசாலை ஒன்றுக்கு அழைத்து, போன தை மாதம் இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளின் முதலாம் ஆண்டு வகுப்பை ஒப்படைத்தார்கள். முதல் நாள், விதிப்படி இடைவேளைக்குத் தண்டவாளத் துண்டில் மணியடித்தேன். அதுவரை அழுத பிள்ளைகள் சட்டென்று அடங்கி, வெளியே ஓடி மறைந்தார்கள். கல்வித் திணைக்களத்தின் எந்தச் சுற்றுநிருபமும் கொண்டுவராத ஒழுங்கு.

பதறித் தேடினேன். முற்றத்துப் பதுங்கு குழிக்குள், மாரிமழைத் தண்ணீரில் குந்தியிருந்தார்கள். ஒரு சின்னவளுக்குத் தண்ணீர் கழுத்துவரை நின்றது.

“சேர், கெதியா இறங்குங்கோ, பிளேன் வருது” என்றாள் அவள்.

“இது விளையாட விடுற மணி, பிள்ளை.”

“எங்கட ஊரில இரும்படிச்சா பங்கருக்குத்தான்.”

ஒவ்வொருவராகத் தூக்கி வெளியே விட்டேன்.

இப்போது புதிய பிள்ளைகளைக் கைதட்டித்தான் இடைவேளைக்கு அனுப்புகிறேன். அது நடைமுறையல்ல என்கிறார் அதிபர். அவருக்கு நடைமுறைகளைக் கற்பித்தவன் நான்தான்.