கிணற்றுக்கு உதவாத நெஞ்சு

திண்டிவனம் தீயணைப்பு நிலையத்தில் எனக்கும் அவனுக்கும் ஆகாது. ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதே வெறுப்பு. எனக்கு ஜிம்தான் உலகம். நெஞ்சு, கை, மறுபடி நெஞ்சு, கை. கால் பக்கம் போகவே மாட்டேன். அவனோ மணல்மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறுவான், ஒற்றைக்காலில் நிற்பான், தொட்டித் தண்ணீரில் முகத்தை அமுக்கி மூச்சடக்குவான். நேற்றுச் செய்ததை இன்று செய்ய மாட்டான்.

“இன்னாப்பா, சர்க்கஸ்ல சேரப் போறியா?” என்றேன்.

“போனு அடிச்சா இன்னா வேலைன்னு ஒனக்கு முன்னாடியே தெரியுமா? சினிமா போஸ்டரு பேசுது பாரு!”

நிலையமே சிரித்தது. ஆள் பகையாளிதான், ஆனால் போஸ்டர் என்றது நல்ல சொல். இன்றும் ரசிக்கிறேன்.

ஒரு நாள் பிரம்மதேசம் பக்கம் மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலை வயலில், சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றில் சினைப்பசு விழுந்துவிட்டது. மூக்கு மட்டும் தண்ணீருக்கு மேலே. “ரெண்டு உசுருங்கய்யா!” என்று மாட்டுக்காரம்மா தலையில் அடித்துக்கொண்டார். அவன் இடுப்பில் கயிறு கட்டுவதற்குள் நான் முந்திக்கொண்டு இறங்கினேன். அவன் எதிரில் ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான்.

கயிறு போட்டுத் தூக்கினால் சினைவயிற்றை அறுக்கும். தண்ணீர் அடிக்கும் பழைய, அகலமான துணி ஹோஸை வயிற்றுக்கடியில் விட்டு மறுபக்கம் வாங்குவது எங்கள் வழக்கம். மூழ்கித்தான் விட வேண்டும். பாசியில் கால் நிற்கவில்லை. மூன்று முறை மூழ்கினேன். மூன்று முறையும் மூச்சுமுட்டி அதே பக்கம் எழுந்தேன். தொடை நடுங்கியது. பசுவின் மூக்கு ஒரு தரம் உள்ளே போய் வந்தது.

“பேஜாரு பண்ணாம மேல வா, ஜல்தி!” என்று அவன் கத்தினான்.

ஏறவும் முடியவில்லை. மாட்டுக்கு முன்பே என்னைத்தான் மேலே இழுத்துப் போட்டார்கள். அவன் இறங்கி ஒரே முங்கில் ஹோஸ் முனையோடு மறுபக்கம் எழுந்தான். ஊரே சேர்ந்து இழுத்தது.

மாட்டுக்காரம்மா பசுவின் வயிற்றில் கை வைத்துப் பார்த்து, “உள்ள அசையுது” என்றார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஒடம்ப நல்லாத்தான் வச்சிக்கினு கீற தம்பி. எதுக்கு?”

வண்டியில் அவன் ஈர ஹோஸைச் சுருட்டிக்கொண்டே வந்தான். வாயைத் திறந்திருந்தால் அடித்திருப்பேன்.

மறுநாள் அவனுக்கு முன்பே போய் மணல்மூட்டையைத் தூக்கினேன். பாதிப் படியில் முழங்கால் மடங்கியது. அவன் படிக்கு அடியில் வந்து நின்றான்.

“அது என் மூட்ட. வேற கட்டிக்க.”

கட்டிக்கொண்டேன். இப்போது அந்தப் படியில் இரண்டு மூட்டை ஏறுகிறது. பேச்சு மட்டும் இல்லை.