நாற்காலியில் மாட்டிய கோட்டு

என் அப்பா ஜெயபிரகாஷ் அரசாங்க அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே அவருடைய நாற்காலியின் முதுகில் எப்போதும் ஒரு கறுப்புக் கோட்டு தொங்கும். கொல்கத்தாவின் சித்திரை வெயிலில் கோட்டை யார் போடுவார்கள்? ஆனாலும் தொங்கும். கோட்டு இருந்தால் ஆள் இருக்கிறார் என்று பொருள். அதிகாரி வந்து கேட்டால், இப்போதுதானே இங்கே இருந்தார் என்று பக்கத்து மேசைக்காரர் சொல்லிவிடுவார். என் அக்கா சாதனா பிறந்த அன்று அப்பா ஆஸ்பத்திரியிலேயே இருந்தார். பக்கத்து மேசை உத்தமன் மாமாதான் அவர் கோட்டைக் காவல் காத்தாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் அப்பாவின் குரல் இளகும்.

இப்போது அதே ஊரில் லேக் கார்டன்ஸ் பகுதியில் வாடகை வீடு. சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரை வைத்து அக்கா வேலை பார்க்கிறாள். மருத்துவ இன்சூரன்ஸ் கேட்டு வரும் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலை. நோயாளிகளின் விவரங்கள் இருப்பதால் வேறு யாரும் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது. வேலை நேரத்தை அதுவே கணக்கெடுக்கும். கொஞ்ச நேரம் கை படாவிட்டால் திரையின் மூலையில் இருக்கும் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடும்.

அவள் வேலை நிரந்தரமாகும் மாதம் அது. பிளஸ் டூ முடித்துவிட்டு எதிலும் சேராமல் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்த என்னைக் கல்லூரியில் சேர்க்கும் பேச்சுகூட அதை நம்பித்தான் இருந்தது.

ஒரு மதியம் மானேஜர் ரஞ்சனா வீடியோ அழைப்பில் வந்தார். அவர் பேசியது வங்காளமும் ஆங்கிலமும் கலந்த பேச்சு. நான் தமிழில் எழுதுகிறேன்.

"சாதனா, சாப்பிடப் போறேன்னு நீ மெசேஜ் போட்ட நேரத்துல உன் மவுஸ் ஓடிக்கிட்டே இருக்கு. ஒரு எழுத்துகூட தட்டல. சும்மா வட்டம் வட்டமா சுத்துது. தினமும் இதே கதை. ஏதாவது மெஷின் வச்சு ஆட்டுறியா?"

"இல்ல தீதி. சத்தியமா இல்ல."

"அப்போ உன் இடத்துல யாரு உக்காருறா? அது இன்னும் மோசம். பதில் சொல்லு. இல்லேன்னா உன் கன்ஃபர்மேஷனை நிறுத்தணும்."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "மது, நீ தொட்டியாடி?"

"நான் எதுக்குத் தொடுறேன்? அதுல ஒரு கேம்கூட கிடையாது."

அப்பா கையிலிருந்த டீ டம்ளரை அலமாரியில் வைத்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. மேசை வேலைக்குப் போய்விட்டதால் நானும் அக்காவும் சமையலறைத் தரையில் சாப்பிடும் நேரத்தில் கூடத்தில் இருப்பவர் அவர் ஒருவர்தான்.

சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு காமிரா முன்னால் வந்து நின்றார். அக்கா நாற்காலியை நகர்த்தியும் உட்காரவில்லை.

"மேடம், அது நான்தான். புள்ளி மஞ்சளாச்சு. பொண்ணு சீட்டுல இல்லேன்னு தெரியக் கூடாதேன்னு கொஞ்சம் ஆட்டிவிட்டேன். எங்க ஆபீஸ்ல கோட்டு மாட்டிட்டுப் போவோம். அந்த மாதிரி."

"கோட்டா?" ரஞ்சனா சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. "மேஷோமொஷாய்," என்று வங்காள வழக்கப்படி அப்பாவைச் சித்தப்பா முறை வைத்து அழைத்தார். "அவ எங்ககிட்ட சொல்லிட்டுத்தானே சாப்பிடப் போறா. இதுல ஒளிக்க என்ன இருக்கு?"

சொல்லிவிட்டே எழுந்து போகலாம் என்பது அப்பாவுக்குத் தோன்றியதே இல்லை.

"அவளுக்கு எதுவும் தெரியாது மேடம். அவளை ஒண்ணும் பண்ணிடாதீங்க," என்று கைகூப்பினார்.

"அப்பா, போதும். உள்ள போங்க," என்றாள் அக்கா. அவர் பக்கம் திரும்பவில்லை. அவள் காதுகள் சிவந்திருந்தன. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலை போகவில்லை. எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நிரந்தரமாக்குவதைத் துர்கா பூஜைக்குப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்தார்கள். அக்கா கம்ப்யூட்டரின் கடவுச்சொல்லை மாற்றியபோது அப்பா தானாகவே பால்கனிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது மதியம் அவள் எழுந்தால், "கம்ப்யூட்டரைப் பூட்டிட்டியாம்மா?" என்று அப்பா வாசல் பக்கத்திலிருந்து கேட்கிறார்.

"பூட்டிட்டேன்பா."

அக்கா வருவதற்குள் அவர் சமையலறைக்கு வந்துவிடுகிறார். தரையில் உட்கார்ந்தால் அவருக்கு முழங்கால் வலிக்கும். ஆனாலும் நாங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை, எங்கள் இருவர் கண்ணிலும் படும்படி, அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்.