இரண்டு படிப்பும் ஒரு மொட்டையும்

அப்பாவின் நெஞ்சைத் திறந்து அறுவை செய்த நாள் டிசம்பர் மாதத்து ஒரு திங்கட்கிழமை. அப்பாவின் தங்கையான என் அத்தை அது செவ்வாய் என்றே இன்றுவரை சொல்கிறார். அவர் கணக்கில் கெட்டது எதுவும் வேறு கிழமையில் நடக்காது. நான் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து நாள்தோறும் எழுதி வைப்பவள். திங்கள்தான். காலையில் தூறல் இருந்தது. அப்பாவைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போன கதவு மூடியதும், அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக் கைகூப்பி எங்கள் தீவின் தண்ணீர்மலை முருகனிடம் வேண்டிக்கொண்டார். முணுமுணுப்பாக இல்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த சீனப் பெரியவர்கூட நிமிர்ந்து பார்த்தார்.

"அவரு நடந்து வீட்டுக்கு வந்துட்டா, வர்ற பூசத்துக்கு எம் மவளுக்கு மொட்டை போடுறேன்பா."

என் முடி அப்போது இடுப்புக்குக் கீழே தொங்கும். அம்மா என்னைக் கேட்கவில்லை. கேட்கும் இடமும் அது இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள், உங்கள் முடியைச் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"என்னுது பாதி நரை. சாமிக்கு வீட்டுல இருக்கறதுல நல்லதத்தான் குடுக்கணும்."

அப்பா நடந்து வந்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை, ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடியின் மின்தூக்கியிலிருந்து வீட்டு வாசல்வரை, யார் கையையும் பிடிக்காமல். அம்மா பின்னாலேயே வந்து அவர் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மாதத்தில் என் முன்னால் இரண்டு படிப்புகள் இருந்தன. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் முடித்திருந்தேன். நாடகம் படிக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எப்படிப் படிப்பது என்பதில்தான். எங்கள் தீவிலேயே ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் கலைப்புலம் எனக்கு இடம் கொடுத்திருந்தது. அங்கே இலக்கியம், வரலாறு, தத்துவம், சமூகவியல் எல்லாம் படிக்கலாம். நாடகம் அவற்றில் ஒன்று. மூன்றாம் ஆண்டில் விரும்பினால் அதைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். மற்றது கோலாலம்பூரில் ஒரு நாடகப் பயிற்சிக் கழகம். அங்கே வேறு பாடமே கிடையாது. காலை முதல் மாலைவரை மூச்சு, குரல், நடை, விழுதல், எழுதல். முதல் ஆண்டில் மேடையே ஏற்றமாட்டார்கள். ஆண்டு முடிவில் தேறாதவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முதல் சுற்றுக்கு நான் அனுப்பிய காணொளியைப் பார்த்துவிட்டு, இரண்டாம் சுற்றுக்கு நேரில் வரச் சொல்லியிருந்தார்கள்.

இரண்டைப் பற்றியும் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். நடிகருக்கு உடம்புதான் கருவி, அதை இளமையிலேயே பழக்க வேண்டும் என்று ஒரு சாரார் எழுதியிருந்தார்கள். உலகம் தெரியாதவர் மேடையில் எதைக் காட்டுவார் என்று மறுசாரார் கேட்டார்கள். இருவர் சொல்வதும் சரியாகவே பட்டது. படித்ததில் எனக்குக் கிடைத்த பயன் அவ்வளவுதான்.

வீட்டில் பேச்சு வேறு மாதிரி நடந்தது. பொங்கலுக்கு வந்திருந்த அத்தை வடையை மென்றுகொண்டே கேட்டார்.

"ஏன்டி, அழறதுக்கும் சிரிக்கறதுக்கும் மூணு வருசம் படிக்கணுமா? நம்ம வீட்டுல சும்மாவே நடக்குதுலா."

"உங்களுக்குச் சேத்துத்தான் அத்தை. நீங்க நடிக்கிறது இன்னும் பத்தல."

"பாத்தியாண்ணே, வாய!"

அப்பா சிரிக்க முயன்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். தையல் போட்ட இடம் சிரிப்புக்கும் இருமலுக்கும் ஒரேபோல வலிக்கும். சாய்வு நாற்காலியில் ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்தபடிதான் அப்போதெல்லாம் உட்கார்ந்திருப்பார். மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவர். மோட்டார் சைக்கிளோடு ஃபெரிப் படகில் ஏறி அக்கரைக்குப் போய் வருவார். வேலைக்குத் திரும்ப முடியுமா என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

"அந்தக் கோலாலம்பூர் படிப்பு இருக்கே," என்றார், "அது என் ஃபோர்க்லிஃப்ட் லைசென்ஸ் மாதிரிமா. ஃபேக்டரிக்குள்ள நான் ராஜா. அதை வச்சுக்கிட்டு ரோட்டுல ஒரு முழம் போக முடியாது."

"அப்போ இங்கயே படிக்கச் சொல்றீங்களா?"

"நான் எங்க சொன்னேன்? லைசென்ஸ் அப்படின்னேன். ஓட்டப் போறது நீ."

அந்தப் பேச்சைப் பிற்பாடு பலமுறை திருப்பிப் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு பக்கமும் சாய்வு இல்லை.

தைப்பூசம் பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. கோலாலம்பூர் தேர்வு அதற்கு அடுத்த வாரத்து வியாழன். காணொளியில் என்னை நீண்ட பின்னலோடு பார்த்தவர்கள் அவர்கள். பின்னலை அவிழ்த்து, முடியை ஒரு கையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு பேசுவதாகத்தான் அந்த நடிப்புத் துண்டையே அமைத்திருந்தேன். தேர்வு முடிந்ததும் மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"சாமிகிட்ட தவணை கேக்கச் சொல்றியா?"

அப்பா நடுவில் வந்தார். "பொம்பள புள்ள. பூமுடி குடுத்தா போதாதா? மூணு கொத்து நறுக்கிட்டா சாமி வேணாம்னா சொல்லப் போவுது?"

"வாயால சொன்னது மொட்டை. பூமுடின்னு சொல்லியிருந்தா பூமுடி. எனக்கு அப்ப அந்த வார்த்தை வரலையே, நான் என்ன செய்ய?" அம்மாவின் குரல் உயர்ந்தது. "உங்கள உள்ள கொண்டு போயிட்டாங்க. எனக்கு மொட்டைதான் வந்துச்சு."

எங்களைப் போன்ற வீடுகளில் வேண்டுதலை நிறைவேற்றாமல் விட்டவர்களைப் பற்றிய கதைகள் நிறைய உண்டு. எல்லாக் கதைகளிலும் யாராவது ஒருவர் சாவார்.

மலையடிவாரத்துக் கொட்டகையில் வரிசையாகத் தாழ்ந்த மணைகள் போட்டிருந்தார்கள். நாவிதர் என் பின்னலை உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தார்.

"எவ்ளோ முடி தங்கச்சி! விக்கு கடைக்காரன் பாத்தா அழுதுருவான்."

"பேசாம போடுங்கண்ணே," என்றேன்.

"போட்டுட்டா ஒட்ட முடியாது. அதான் ஒருவாட்டி கேட்டுக்கறது." தலையில் தண்ணீர் ஊற்றினார். "ஆடாத. சாமிய நெனச்சுக்க."

நான் சாமியை நினைக்கவில்லை, அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் கொத்து விழுந்தபோது அம்மா சட்டென்று குனிந்து அதை முந்தானையில் ஏந்தினார். உதடுகள் விடாமல் அசைந்தன. பிறகு அந்தக் கொத்தை என்ன செய்வதென்று தெரியாமல், கடையில் கொடுத்த மீதிச் சில்லறையைப் பார்ப்பதுபோல ஒருகணம் பார்த்தார்.

தலையில் சந்தனம் அப்பிக்கொண்டு தண்ணீர்ப்பந்தலுக்கு வந்தோம். படியேற முடியாத அப்பா அங்கே மோர்க் குவளையோடு உட்கார்ந்திருந்தார். "சின்ன புள்ளையா இருக்கறப்ப இப்படித்தான் இருந்த," என்றார். உச்சந்தலையில் கைவைத்தவர், சந்தனம் ஒட்டிக்கொண்டதும் விரல்களை வேட்டியில் துடைத்தார்.

தேர்வுக்குத் தனியாகத்தான் போனேன். பட்டர்வொர்த்திலிருந்து முதல் ரயில். தலையில் கறுப்புத் துணி கட்டியிருந்தேன். தேர்வறையில் மூவர் இருந்தார்கள். நடுவில் இருந்த பெண் இயக்குநர், ஐம்பது வயதிருக்கும், என் முதல் துண்டு முடிந்ததும் துணியை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். மூவரும் முன்னால் சாய்ந்தார்கள்.

"எந்த வேடத்துக்காக?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

வேடம் இல்லை, அம்மாவின் வேண்டுதல் என்று விளக்கினேன். மரியாதையாகக் கேட்டார். பிறகு ஒரு நாற்காலியை அறையின் நடுவே போடச் சொன்னார்.

"உன் இரண்டாவது துண்டு வேண்டாம். மொட்டை போட்ட அந்த நேரத்தைக் காட்டு. நாற்காலியில் நீ இருப்பதாக வைத்துக்கொள். நீ உன் அம்மா."

நான் அம்மாவானேன். சிரமமே இருக்கவில்லை. தோள்கள் தாமாக இறங்கின, உதடுகள் அசைந்தன, இல்லாத முந்தானையில் இல்லாத முடியை ஏந்தினேன். என் கண்ணில் நீர் வந்தது.

"நல்லது. மறுபடி. இன்னும் குறைவாக."

மறுபடி செய்தேன். நீர் வந்தது.

"மறுபடி. உதடு அசையாமல். வேண்டுதல் கண்ணில் மட்டும் இருக்கட்டும்."

மூன்றாவது முறையும் வந்தது, அதே இடத்தில். முதல் முறையைவிட நன்றாக இருந்தது என்று எனக்கே தெரிந்தது. ஓரத்தில் இருந்த இளைஞர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இதைத்தான் நாங்கள் சொல்லிக்கொடுக்கிறோம்," என்றார் இயக்குநர். "உனக்கு ஏற்கெனவே கொஞ்சம் வருகிறது."

திரும்பும் ரயிலில் ஈப்போ தாண்டும்வரை மகிழ்ச்சியாக இருந்தேன். அதையும் எழுதி வைத்திருக்கிறேன். வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் எதையும் செய்ததில்லை.

வீட்டில் அம்மா கேட்டார்: "என்ன செய்யச் சொன்னாங்க?"

"நடிக்கச் சொன்னாங்கம்மா."

"மொட்டையைப் பாத்து ஒண்ணும் சொல்லலையா?"

"நல்லாருக்குன்னாங்க."

"நான்தான் சொன்னேன்ல, சாமி காரியம் கெடுக்காது."

மார்ச் தொடக்கத்தில் இடம் கிடைத்ததாக மின்னஞ்சல் வந்தது. அந்த மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்துக்கும் அதே கெடு. அப்பாவிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டு முழுவதையும் படித்தார். "ரெண்டு பக்கமும் கூப்பிடுறாங்க. என்னை ஒரு பக்கமும் கூப்பிட்டதில்ல," என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

மார்ச்சில் இரண்டாம் சனிக்கிழமை, மதியச் சோற்றுக்குப் பிறகு, அதே சாய்வு நாற்காலியில் தூங்கினார். தலையணை நழுவித் தரையில் விழுந்த சத்தம் கேட்டு அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்தது. அவசரத்துக்கு எதுவும் மிச்சமிருக்கவில்லை.

ஞாயிறன்று எடுத்தோம். தாசேக் கெலுகோரிலிருந்து பெரியப்பா தம் மகனோடு வந்தார். எனக்கு அண்ணன் தம்பி இல்லாததால் அந்த அண்ணன்தான் கொள்ளி வைக்க வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றியபடியே பெரியப்பா என் தலையைப் பார்த்தார். முடி அப்போது அரிசிமணி அளவுதான் வளர்ந்திருந்தது.

"யாரு இவளுக்கு மொட்டை போட்டது? கொள்ளி வைக்க நம்ம குடும்பத்துல ஆம்பளையே இல்லையா? நான் பையன கூட்டிட்டு வர்றதுக்குள்ள என்ன அவசரம்?"

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். பலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது அவர்கள் முகத்தில் தெரிந்தது. அத்தை வாயைத் திறந்தார். அதற்குள் அம்மா, அப்பாவின் தலைமாட்டில் இருந்தபடியே, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"அது அவரு பொழைக்கணும்னு போட்டதுங்க."

பெரியப்பா தூணோரமாகப் போய் உட்கார்ந்துவிட்டார். மின்விசிறிக் காற்றில் அப்பாவின் கழுத்து மாலையிலிருந்து ஒவ்வொரு இதழாக உதிர்ந்துகொண்டிருந்தது.

நான் அப்போதுதான் அழத் தொடங்கினேன். தொடங்கியதும் அந்தக் குரல் கேட்டது: மறுபடி, இன்னும் குறைவாக. என் தோள் அதற்குக் கீழ்ப்படிந்தது. உதட்டை இறுக்கினேன், அழுகை கண்ணுக்கு ஏறிச் சுத்தமாக இறங்கியது. அது நன்றாக வந்தது என்பதைக் கவனித்தேன். கவனித்ததையும் கவனித்தேன். பின்னால் ஒரு பெண் இன்னொருத்தியிடம், "எவ்ளோ அடக்கமா அழறா பாரு," என்றாள். பத்து கந்தோங் என்ற இடத்து மின்சுடலைவரை அப்படியே அழுதேன். வேறு மாதிரி அழ முயன்றேன். அதுவும் முயற்சியாகத்தான் இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் மார்ச் கடைசி வாரத்தில் வந்தது. மறுநாள் கோலாலம்பூருக்குத் தொலைபேசினேன். மின்னஞ்சலிலேயே முடித்திருக்கலாம், ஆனால் அந்த இயக்குநர் என்னிடம் நேர்மையாக நடந்துகொண்டவர். வரவில்லை என்றேன். காரணம் கேட்டார். அப்பா இறந்துவிட்டார் என்றேன். உண்மையாகவே வருந்தினார். இடத்தை ஓராண்டு ஒதுக்கி வைப்பதாகச் சொன்னார். பிறகு, மிகவும் கனிவாக:

"இப்போது உனக்கு என்ன நடக்கிறதோ எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொள். எதையும் வீணாக்காதே. ஒருநாள் எல்லாம் உதவும்."

நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். நல்ல ஆசிரியரும்தான், மறுபடி, மறுபடி என்று மூன்று ஆண்டுகளில் என்னைப் பெரிய நடிகையாக்கியிருப்பார். தேர்வறையில் போட்ட அந்த நாற்காலியை இனி நான் எங்கே வேண்டுமானாலும், அப்பாவின் தலைமாட்டில்கூட, போட்டுக்கொள்ள முடியும். அவருக்கு நன்றி சொல்லி வைத்துவிட்டு, பல்கலைக்கழகத்துக்குச் சம்மதம் அனுப்பினேன். அங்கே மேடை மூன்றாம் ஆண்டில்தான் வரும். அதுவரை மற்றவர்கள் வீட்டுச் சாவுகளைப் படிக்கலாம்.

அம்மாவிடம் சொன்னபோது, "அப்பா இதத்தான் சொன்னாரா?" என்று கேட்டார்.

"யோசிச்சுச் சொல்றேன்னாரும்மா."

"சொல்லலையா?"

"இல்ல."

தலையசைத்தார். எந்தப் படிப்பு என்று விவரம் கேட்கவில்லை. மே மாதத்தில் வகுப்பு அட்டவணை வந்த அன்றுதான் மறுபடி அந்தப் பேச்சு எழுந்தது. கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"மதியத்துக்கு வீட்டுக்கு வந்துருவியா?"

"வந்துருவேன். திங்களும் புதனும் மட்டும் முடியாது. சாயங்காலம்வரைக்கும் கிளாஸ்."

அம்மா கத்தியை நிறுத்தி அதைக் கணக்கிட்டார்.

"அப்ப அந்த ரெண்டு நாளும் நான் ஒருத்திக்காக அடுப்பு பத்த வைக்கல," என்றார்.