கழற்றி வைத்த மூடி

தேனியில் ஒரு மருத்துவமனையின் கதிர்வீச்சுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். தினமும் முதல் நோயாளி உள்ளே போவதற்கு முன், மெஷின் சரியான அளவில் கதிர் கொடுக்கிறதா என்று அளந்து கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு. அதற்கு, விரல் கனத்தில் சேம்பர் என்று ஒரு சிறு குழல் இருக்கும். கதிர் படும்போது அதில் உண்டாகும் மின்சாரம் மிகமிகக் கொஞ்சம். அதை எண்ணாகக் காட்டும் பெட்டிதான் எலக்ட்ரோமீட்டர். இரண்டையும் இணைக்கும் கேபிள் லேசாக அசைந்தாலும் எண் ஆடும்.

ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு திங்கட்கிழமை, மெஷினைப் போடுவதற்கு முன்பே எண் ஏறத் தொடங்கியது. கதிர் இல்லாதபோது அது பூஜ்ஜியத்தில் நிற்க வேண்டும். எங்கோ மின்சாரம் கசிகிறது. மாற்று சேம்பர், அளவு சரிபார்க்கும் காலிபரேஷனுக்காக வெளியே போயிருந்தது. அளக்காமல் யாரையும் உள்ளே அனுப்ப முடியாது என்று டாக்டரிடம் சொன்னேன். சிகிச்சை நின்றது.

கேபிள் முனையைப் பார்த்ததும் காரணம் தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் வந்ததில், கழற்றி வைத்த அதன் மூடியைத் திரும்பப் போடாமலே வீட்டுக்குப் போயிருந்தேன். இரண்டு நாள் ஈரக்காற்று உள்ளே இறங்கியிருந்தது. ஸ்பிரிட்டால் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் டப்பாவில் வைத்தேன். செவ்வாய்க்கிழமை கசிவு குறைந்திருந்தது. ஆனால் நிற்கவில்லை.

வெளியே காத்திருந்தவர்களில் ஓடைப்பட்டியிலிருந்து வந்த ஒரு பெண்ணும் அவர் கணவரும் இருந்தார்கள். அந்தப் பெண் திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். பாதிக்குமேல் சிகிச்சை முடிந்திருந்தது. உட்கார முடியாமல், பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தார். இன்றைக்கும் இல்லை என்று நானே போய்ச் சொன்னேன். நாளைக்காவது உண்டா என்று மட்டும் கேட்டார். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

புதன்கிழமை எண் பூஜ்ஜியத்தில் நின்றது. மெஷினில் ஒரு குறையும் இல்லை. அவர்கள் வரவில்லை. போன் செய்ததற்கு, படுத்தவள் எழுந்திருக்கவில்லை என்றார் கணவர். ஒன்பது நாள் கழித்து வந்து மீதியை முடித்துக்கொண்டார்கள். சித்திரையில் நோய் நுரையீரலுக்குப் பரவியது. ஆடிக்கு முன்பே இறந்துவிட்டார். அந்த இடைவெளியால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். இல்லை என்றும் அவர் சொல்லவில்லை.

சிகிச்சை விவரக் கடிதம் வாங்க அந்தக் கணவர் வந்தார். கடிதத்தைக் கொடுத்துவிட்டு, அவரை உட்காரவைத்துச் சொன்னேன்.

"ஐயா, அந்த ரெண்டு நாளும் மெஷின் நல்லாத்தான் இருந்துச்சு. அளக்குற கருவிய நான்தான் மூடாமப் போட்டுட்டுப் போயிட்டேன்."

அவர் கடிதத்தைப் பிரித்துப் பார்த்தார்.

"டாக்டரும் மெஷினு கோளாறுன்னுதான சொன்னாக," என்றார். பிறகு, "அவ ஒங்கள ஒன்னும் வையலம்மா. பஸ்ஸத்தான் வஞ்சுக்கிட்டே வந்தா."

கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். மன்னித்தாரா என்று தெரியவில்லை.

பிரிவின் பதிவேட்டில், காரணம் என்ற இடத்தில் மழைக்கால ஈரப்பதம் என்றுதான் நான் எழுதியிருந்தேன். அதுவும் பொய்யில்லை. அன்று அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து, மூடி போடாதது என் தவறு என்று கீழே எழுதித் தேதி போட்டேன். தலைமை அதிகாரி படித்துவிட்டுக் கையெழுத்திட்டார்.