வெள்ளைக் கோடாக ஓடும் ஆறு

1982 செப்டம்பரில், ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு வைத்திருக்கும் காதர் பாயும், அவரிடம் கெமிஸ்டாக இருந்த நானும் ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கினோம். எங்கள் தோலை வாங்குபவரின் ஊர் அங்கிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம். காடும் மேடும் கோதுமை அறுத்த வயல்களுமாக ஒரு மாவட்டம். நம் கணக்கில் இரண்டு தாலுகா தேறும்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, அவர் ஏற்பாட்டில், மாவட்ட அலுவலகத்தில் வரவேற்பு. சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு கேடயச் சின்னம். மேல்பாதியில் பொன் நிறத்தின்மீது சிவப்புச் சிங்கம். கீழ்ப்பாதி பச்சை, அதில் நெளியும் வெள்ளைக் கோடு, பக்கத்தில் வளைந்த கத்தி. அதிகாரி ஒருவர் ஆங்கிலத்தில் விளக்கினார். சிங்கம் அங்கே ஆண்ட பிரபுக்களுடையது. பத்து வருடம் முன்பு இரண்டு சிறு மாவட்டங்களை ஒன்றாக்கியபோது, ஒன்றின் சிங்கத்தையும் மற்றதன் கத்தியையும் சேர்த்துவிட்டார்களாம். அது தோல் சீவும் கத்தி. வெள்ளைக் கோடு, ஆறு.

அந்த ஆற்றையும் காட்டினார். அடியில் கிடந்த கூழாங்கல் தெரிந்தது. ஆற்றில் கழிவு விடுவதற்கு எதிரான சட்டம் கடுமையானதும் தோல் ஷாப்புகளை மூடிவிட்டார்கள், மீன் திரும்பி வந்துவிட்டது என்றார் பெருமையாக. இப்போது தோல் உங்களைப் போன்றவர்களிடமிருந்து வருகிறது என்று நன்றி சொல்வதுபோல் என் கையைப் பிடித்தார்.

எங்கள் தெருக் கிணற்று நீரில் பருப்பு வேகாது. குடிதண்ணீருக்கு என் மனைவி ஒன்றரை மைல் குடத்தோடு நடக்கிறாள். பாலாற்றங்கரைத் தென்னைகள் குரும்பையிலேயே உதிர்கின்றன.

என் முகத்தைப் பார்த்த காதர் பாய், "கம்முனு இருங்க சார், ஆர்டர் போய்டும்" என்றார் மெதுவாக.

நான் கம்மென்று இருக்கவில்லை. உங்கள் ஆற்றுக்கு ஆகாதது எங்கள் ஆற்றுக்கு மட்டும் எப்படி ஆகும் என்று அந்த அதிகாரியிடம் கேட்டேன். அவர் பிடித்திருந்த என் கையை விட்டார். அது உங்கள் அரசாங்கம் பார்க்க வேண்டிய விஷயம் என்றார்.

திரும்பும் ரயிலில் பாதி தூரத்தில் காதர் பாய் என் பக்கம் திரும்பினார். "அந்த ஆள்கிட்ட கேட்டீங்களே, நம்ம ஷாப்புத் தண்ணி எங்க போவுதுன்னு என்கிட்ட ஒரு நாளாவது கேட்டீங்களா?" என்றார்.

"இப்போ கேக்கறேன் பாய்."

"உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். நீங்க வாயால சொல்லணும்."